பால் பாட்டிலுக்கு ஒரு மகஜர்

உக்காருங்கம்மா. அந்த நாற்காலி ஆடும், இதுல உக்காருங்க. ஆபீசர் டீ எடுக்கப் போயிருக்காரு. இந்த ஊர்ல குற்றவாளிக்கு ஆபீசரே டீ போட்டுக் கொண்டாருவாரு, பாத்துக்கிடுங்க. பால் ஊத்தவா, சீனி எத்தனைன்னு வேற கேட்டாரு. பால்னு சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்துட்டு. என் கேஸே பால் கேஸுதான்.

நீங்க இலங்கையா? பருத்தித்துறையா! நல்லது, நல்லது. நான் திருநெல்வேலிப் பக்கம். பேரு ஆவுடையப்பன். ரிட்டையர்டு போலீஸ் ஏட்டு. சும்மா ஏட்டு இல்ல, ஸ்டேஷன் ரைட்டர். புகார் எழுதுதது, வாக்குமூலம் எழுதுதது, ரிஜிஸ்டர் பாக்கது எல்லாம் நான்தான். இன்ஸ்பெக்டர் வருவாரு, போவாரு. ரைட்டர் அங்கனயே இருப்பான்.

எனக்கு இங்கிலீஷ் தெரியும்மா. தெரியாம மொழிபெயர்க்க உங்களைக் கூப்பிடச் சொல்லல. ஆனா வாக்குமூலம்னா தாய்மொழியிலதான் கொடுக்கணும். ஒரு வார்த்தை பிசகினா மொத்த கேஸும் படுத்துரும். எத்தனை கேஸைப் படுக்க வச்சவன் நான், எனக்குத் தெரியாதா?

அவரு வாரதுக்குள்ள விசயத்தைச் சொல்லிருதேன். நீங்க பதில் கதைக்கக் கூடாதுன்னு விதி இருக்கும், இருக்கட்டும், கேட்டுக்கிடுங்க போதும். குற்றம் மொத்தம் ஏழு. ஏழையும் நான்தான் செஞ்சேன். ஏழையும் ஒத்துக்கிடுதேன். முழிக்காதீங்கம்மா. ஒத்துக்கிடுதவன் இங்க உக்காந்திருக்கேன், அவரு என்னடான்னா ஒண்ணையும் எழுத மாட்டேங்காரு. அதுதான் இங்க பிரச்சினை.

மக காந்திமதி இங்க டாக்டரா இருக்கா. அவ இருக்கது லிட்டில் வென்டன்னு ஒரு கிராமம். நூத்தி நாப்பது வீடு, ஒரு சர்ச், ஒரு பப், வாரத்துக்கு ரெண்டு நாள் ஒரு பஸ்ஸு. ஆறு மாச விசாவுல வந்தேன். வீட்டுக்காரி வரல. ஐஸ் பெட்டிக்குள்ள கிடக்க நான் என்ன மீனான்னு கேட்டுட்டா. மகளும் மாப்பிள்ளையும் காலையில காரை எடுத்தா பொழுது அடைஞ்சுதான் வருவாவ. முதல் வாரம் டி.வி. பாத்தேன். ரெண்டாவது வாரம் மக வீட்டுச் சாமானையெல்லாம் எண்ணி ரிஜிஸ்டர் போட்டேன். கரண்டி ரெண்டு குறைஞ்சுச்சு, மாப்பிள்ளையைக் கூப்பிட்டு விசாரிச்சேன். மூணாவது வாரம் காந்திமதி, "அப்பா, தயவுசெஞ்சு கொஞ்சம் வெளிய போயிட்டு வாங்க"ன்னுட்டா.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஊர் மன்றத்துக்குப் போலீஸ் வரும், யாரு வேணா போய்ப் பேசலாம்னா. போனேன். போலீஸ்னா ஒரு சின்னப் பிள்ளை, கெர்ரின்னு பேரு. தொப்பி இருக்கு. லத்தி இல்ல, விலங்கு இல்ல. முன்னால தட்டுல கேக்கு. சுத்தி ஒரு பதினஞ்சு பேரு. ஊர்க் காவல் கமிட்டித் தலைவர் ஜெரால்டுன்னு ஒருத்தர், பழைய பேங்க் மேனேஜர், போனை எடுத்து எல்லாருக்கும் காட்டுதாரு. போன்ல ஊரு மேப்பு. மேப்புல வட்டம், வட்டத்துக்குள்ள நம்பர். போன மாசம் எங்கன எத்தனை குற்றம்னு அவங்களே போடுதாங்க, எவன் வேணா பாத்துக்கிடலாம்!

எனக்கு நம்பவே முடியலம்மா. எங்க ஸ்டேஷன்ல அந்த நம்பரை பீரோவுல வச்சுப் பூட்டி, சாவியை அரணாக்கயித்துல கட்டியிருப்பேன். மாசம் ஒருக்கா மேலிடத்துல கிரைம் மீட்டிங் நடக்கும். நம்பர் கூடினா இன்ஸ்பெக்டருக்கு எல்லாரு முன்னாலயும் அர்ச்சனை. அவரு திரும்பி வந்து எனக்கு அர்ச்சனை. எந்த ஸ்டேஷன்னு கேக்காதீங்க. இன்னும் அங்க ஆள் இருக்காவ.

லிட்டில் வென்டன் நம்பர் நாலு. பக்கத்து ஊரு நம்பர் ஒண்ணு. ஜெரால்டுக்கு அவமானம் தாங்கல. என்னடா நாலுன்னு பாத்தா, அவரு தோட்டத்துல நின்ன களிமண் குள்ளன் பொம்மை காணோம். ஒருத்தர் நாயி இன்னொருத்தர் வாசல்ல அசிங்கம் பண்ணுது. ஒரு ஆப்பிள் கிளை வேலி தாண்டிட்டுன்னு ரெண்டு பேரு ரம்பத்தோட நின்னு கத்தியிருக்காவ. நாலாவது, டோரத்தின்னு எம்பத்தி நாலு வயசு அம்மா. வாசல்ல வச்ச பால் பாட்டிலு மாசாமாசம் களவு போகுது.

கெர்ரி எல்லாத்தையும் எழுதுது. எழுதி ஆளுக்கு ஒரு நம்பர் வேற கொடுக்குது. குள்ளன் பொம்மைக்கு நம்பர்! பேனாவைப் பிடுங்கிரலாமான்னு இருந்துச்சு. எழுதினாத்தாம்மா அது கேஸு. எழுதலைன்னா அது வெறும் பேச்சு. இது தெரியாத பிள்ளையைப் போலீஸ்ல சேத்திருக்காங்களேன்னு பரிதாபமா போச்சு.

இதுக்கு ஒரு முறை இருக்கு. எவன் வந்தாலும் முதல்ல உக்கார வைக்கணும். குடிக்க ஏதாவது கொடுக்கணும். பொறவு, "இந்த வயசுல கோர்ட்டு வாசல் எதுக்கு, வீட்டுல பிள்ளைய இருக்கேல்லா"ன்னு அக்கறையா பேசணும். பேசப் பேச அவனுக்கே கேஸு வேண்டாம்னு தோணிரும். ஒரு தடவ பேச்சியம்மான்னு ஒரு பொம்பள, ரெண்டு ஆடு களவு போயிட்டுன்னு வந்தா. நாலு நாள் வந்தா. வேப்பமரத்து மூட்டுல நின்னுக்கிட்டே இருப்பா. "ஒரு வரி எழுதுங்கய்யா, ஒரு வரி"ன்னு அதையே சொல்லுவா. நானும் சளைக்காம தன்மையா பேசினேன். அஞ்சாவது நாள் வரல. இன்ஸ்பெக்டர் என் தோள்ல தட்டினாரு.

சரி, லிட்டில் வென்டனுக்கு வருவோம். மறுநாள்லேருந்து பஸ் ஸ்டாப் பெஞ்சுல உக்காந்தேன். குரங்குக் குல்லா, சால்வை, ஒரு நோட்டு, பிளாஸ்க்குல டீ. புகார் சொல்லப் போறவங்க அந்த வழியாத்தான் போகணும். மடக்கிப் பிடிச்சு உக்கார வச்சிருவேன். இந்த ஊர்ல ஒரு பழக்கம் பாத்தேன்மா. பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட நேரா ஒண்ணைச் சொன்னா அது மரியாதை இல்லையாம். போலீசுக்கு எழுதிப் போட்டா அது மரியாதையாம். அந்த ஆப்பிள் வீட்டுக்காரங்க ரெண்டு பேரும் மூணு வருசமா ஒரு வார்த்தை பேசல. வேலிக்கு அங்கிட்டும் இங்கிட்டும் நின்னு வானிலை மட்டும் பேசுவாவ. ரெண்டு பேரையும் பெஞ்சுல எனக்கு ரெண்டு பக்கமும் உக்கார வச்சேன். டீயை ஊத்தினேன். நடுவுல நான் அசையாம இருந்தேன். கால் மணி நேரம் ரெண்டு பேரும் ரோட்டையே பாத்தாவ. அப்புறம் ஒருத்தர் தும்மினாரு. மத்தவர் கைக்குட்டை கொடுத்தாரு. அவ்வளவுதான், முடிஞ்சு போச்சு!

"இரு தரப்பாரும் இனி யாதொரு வம்புக்கும் போவதில்லை என்று சுயபுத்தியுடன் எழுதிக் கொடுத்தது"ன்னு இங்கிலீஷ்ல எழுதி ரெண்டு பேருகிட்டயும் கையெழுத்து வாங்கினேன். அதுல ஒருத்தர் அதை லேமினேஷன் போட்டு அடுப்பங்கரையில மாட்டியிருக்காரு. பொம்மையை பப்புக்காரங்க விளையாட்டுக்குத் தூக்கிட்டுப் போயி பீர் பீப்பா மேல நிக்க வச்சிருந்தாவ. ஜெரால்டுக்கு ஒரு கிளாஸ் பீர் வாங்கிக் கொடுத்து அதையும் முடிச்சேன். நாய்க்காரர் அசிங்கத்தை அள்ள பை வாங்கிக்கிட்டாரு.

பால் கேஸுதான் கொஞ்சம் இழுத்துச்சு. முறையா விசாரிச்சேன். பால்காரர் என்ன சொன்னாரு தெரியுமா? டோரத்தி பால் வாங்குததை நிறுத்தி ரெண்டு வருசம் ஆச்சாம்! வாங்காத பாலு எப்படிம்மா களவு போகும்? பொய்ப் புகார்.

வீட்டுக்குப் போனேன். டோரத்தி முப்பது வருசம் பஸ் கண்டக்டர் வேலை பாத்தவங்க. பாத்த பார்வையிலேயே நம்ம பையில டிக்கெட் இருக்கா இல்லையான்னு நமக்கே சந்தேகம் வந்துரும். நான் தன்மையாச் சொன்னேன். அவுக டீ கப்பையே பாத்துக்கிட்டு இருந்தாவ. "இதைக் கெர்ரிகிட்ட சொல்லணுமா?"ன்னு கேட்டாவ. "அவசியமே இல்ல, புகாரை வாபஸ் வாங்குதேன்னு ஒரு கையெழுத்து போதும்"னேன். போட்டாவ. எவ்வளவு நைசா முடிச்சிருக்கேன்னு எனக்குப் பெருமையா இருந்துச்சு. அந்தப் பெருமையில ஒண்ணைக் கவனிக்கல. வியாழக்கிழமை மன்றத்துல கூட்டம் முடிஞ்சதும் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பிள்ளை கெர்ரி நேரா டோரத்தி வீட்டுக்குத்தான் போகும். பால் கேஸு விசாரணைக்கு. விசாரணைன்னா என்ன, டீ குடிக்கும், பல்பு மாத்தும், கதவுத் தாப்பாளை ஆட்டிப் பாக்கும், கொஞ்ச நேரம் சிரிச்சுப் பேசிட்டுப் போகும்.

மூணாவது மாசம் மேப்புல லிட்டில் வென்டன் நம்பர் முட்டை! வட்டமே இல்ல. ஜெரால்டு சைபர் போட்ட கேக்கு ஒண்ணு வெட்டினாரு. எல்லாரும் எழுந்து நின்னு எனக்குக் கை தட்டினாவ. சர்வீஸ்ல ஒரு மெடல் வாங்கினதில்ல நான், எனக்குக் கண்ணு கலங்கிட்டு. வீட்டுக்காரிக்குப் போன் போட்டுச் சொன்னேன். "அங்கயும் போயி அதே வேலையா?"ன்னா.

அடுத்த வாரம் மேலிடத்துலேருந்து ஜெரால்டுக்கு ஒரு லெட்டரு. இந்த ஊர்ல குற்றமே இல்லாததால கெர்ரியை டவுனுக்கு மாத்தியாச்சு, வியாழக்கிழமை இனிமே கிடையாது, ஊராருக்கு வாழ்த்துக்கள். ஜெரால்டு அதையும் மெடலாத்தான் எடுத்துக்கிட்டாரு. மன்றத்து போர்டுல ஒட்டினாரு. டோரத்தி போர்டு வரைக்கும் நடக்க மாட்டாவ. அவுக வீட்டுக்குப் போய்ச் சொல்லணும்னு யாருக்கும் தோணல. எனக்கும்தான் தோணல.

அந்த வியாழக்கிழமை பெஞ்சுல உக்காந்திருக்கேன். ஒரு மணி இருக்கும். டோரத்தி வீட்டு ஜன்னல் திரை விலகவே இல்ல. பூனை வாசல்ல நின்னு கத்துது. போயி லெட்டர் போடுத ஓட்டை வழியா பாத்தா, அடுப்பங்கரையில தரையில உக்காந்திருக்காவ. காலையில எட்டு மணிக்கு வழுக்கி விழுந்தவங்க எந்திரிக்க முடியல. அஞ்சு மணி நேரம்! நான் காந்திமதிக்குப் போன் அடிச்சு, ஆம்புலன்ஸ் வந்து, எல்லாம் ஆச்சு. மணிக்கட்டுல எலும்பு முறிவு, வேற ஒண்ணும் இல்ல. ஸ்ட்ரெச்சர்ல தூக்கும்போது என்கிட்ட என்ன சொன்னாவ தெரியுமா? "எனக்குப் பயமே இல்ல. இன்னைக்கு வியாழக்கிழமைலா, பன்னிரண்டு மணிக்குக் கெர்ரி வந்துரும்னுதான் உக்காந்திருந்தேன்"னாவ.

வெக்கமா போச்சும்மா.

சரி, கெடுத்தது நான், சரி பண்ணவேண்டியதும் நான். கெர்ரியோட மேலதிகாரிக்கு எழுதினேன். நம்பர் எங்க இருக்கோ அங்கதான் ஆள் அனுப்புவோம்னு பதில் வந்துச்சு. நம்பர்தானே, கூட்டிருவோம்னு பெஞ்சுக்குப் போனேன். "ஏதாவது புகார் இருக்கா, இருந்தா தயங்காம போலீசுக்கு எழுதுங்க"ன்னு கெஞ்சுதேன். ஒருத்தனும் அசையல! ஆப்பிள்காரங்க ரெண்டு பேரும் சேந்து ஜாம் கிண்டுதாங்க. நாயை இப்போ எதிர்வீட்டுக்காரரே நடத்திட்டுப் போறாரு. எல்லாம் பேசித் தீத்துக்கிடுதாங்க, பாவிப் பயலுவ. ஜெரால்டுகிட்ட சொன்னா, "முட்டையில கை வைக்காதீங்க"ன்னு கையெடுத்துக் கும்பிடாத குறை.

வேற வழியில்ல. குற்றத்தை நானே செய்யணும்னு ஆயிட்டு.

முதல்ல பால். களவாங்கணும்னா வாசல்ல பால் இருக்கணும்லா? டோரத்தி ஆஸ்பத்திரியிலேருந்து வந்ததும் அவுக பேருக்கு நானே பால் சொன்னேன். காலையில ஏழு மணிக்கு பால்காரர் வைப்பாரு, ஏழு அஞ்சுக்கு நான் எடுப்பேன். நாலு வாரத்துல நாலு தடவ. அது நாலு கேஸு. ஜெரால்டோட குள்ளனை ரெண்டு தடவ தூக்கி சர்ச் வாசல்ல நிறுத்தினேன். முதல் தடவ அவரு நம்பரைக் காப்பாத்த வாயை மூடிக்கிட்டாரு. ரெண்டாவது தடவ தாங்கல, ரெண்டுக்கும் சேத்துப் புகார் கொடுத்துட்டாரு. கெர்ரி வராதுன்னு போர்டுல ஒட்டின லெட்டரைக் கிழிச்சது ஏழாவது. அதுக்கு நானே புகார் கொடுத்தேன்.

எப்படி மாட்டினேன்னு கேளுங்க. மகஜர்ல மாட்டினேன். மகஜர் தெரியும்லா? போலீஸ்காரன் ஒரு இடத்துலேருந்து ஒரு பொருளை எடுத்தா, இன்ன பொருளு, இன்ன நேரம், இன்னாரு எடுத்தாருன்னு எழுதி, ரெண்டு சாட்சி கையெழுத்து வாங்கி, ஒரு காப்பியை அங்கனயே கொடுத்துட்டு வரணும். முப்பத்தெட்டு வருசம் மகஜர் இல்லாம ஒரு பொருளை நான் தொட்டதில்ல. இப்போ மட்டும் சும்மா எடுத்துட்டு வர மனசு கேக்குமா? ரசீது இல்லாம எடுத்தா அது திருட்டுலா!

அதனால ஒவ்வொண்ணுக்கும் எழுதினேன். "ஒரு பைண்ட் அளவுள்ள கண்ணாடிப் பால் பாட்டில், வெள்ளி நிற மூடியுடன், சேதமின்றி"ன்னு. கீழ என் பேரு, பழைய ரேங்கு, காந்திமதி வீட்டு விலாசம், எல்லாம் தெளிவா. சாட்சி ஒண்ணு பால்காரர். அவசரத்துல என்னன்னு பாக்காம போட்டுட்டாரு. சாட்சி ரெண்டு டோரத்தி. ஆமாம்மா, அவுக பால் களவுக்கு அவுகளே சாட்சி. மாவுக்கட்டுக் கையால கையெழுத்துப் போட்டுக்கிட்டு, "இவ்வளவு மோசமான திருடனை என் பஸ்ஸுல கூடப் பாத்ததில்ல"ன்னு சிரிச்சாவ. போட்டுட்டு, உள்ள போயி, போலீசுக்குப் போன் போட்டு பால் களவு போயிட்டுன்னு அழுதாவ. பாட்டிலை நான் பின்வாசல் வழியா கொண்டுபோயி, அதுலயே டீ போட்டு ரெண்டு பேரும் குடிப்போம். அப்படியே பல்பு, தாப்பாளு எல்லாம் ஒரு பார்வை பாத்துட்டு வருவேன்.

இப்போ இந்த ஆபீசர் ஏழு மகஜரையும் இந்த மேஜையில வரிசையா பரப்பி வச்சாரு. ரொம்ப நேரம் பாத்தாரு. நல்ல மனுசந்தான், குத்தம் சொல்லக் கூடாது. என்னை உக்கார வச்சாரு. டீ குடிக்கேளான்னாரு. "இந்த வயசுல உங்களுக்குக் கோர்ட்டு எதுக்கு, மக டாக்டரு, அவுகளுக்கு எவ்வளவு சங்கடம், ஜெரால்டுகிட்ட ஒரு மன்னிப்பு கேட்டுருங்க, இதை எங்கயும் எழுத வேண்டாம், பேசியே முடிச்சிருவோம்"னாரு. ரொம்பத் தன்மையாப் பேசுதாரு. எங்கயோ கேட்ட பேச்சு மாதிரி இருக்கு, எங்கன்னுதான் பிடிபட மாட்டேங்கு.

அவரு எழுதலைன்னா அந்த ஏழு புகாரும் போச்சு, நம்பர் திரும்பவும் முட்டைம்மா. கெர்ரி வராது. எனக்கு இன்னும் மூணு வாரத்துல ஃபிளைட்டு. நான் போயிட்டா அந்த பாலை யாரு களவாங்குவா? ஜெரால்டு டோரத்தி வாசல்ல நின்னு கையை ஆட்டுவாரு, அதுக்கு மேல அவரால ஆகாது.

காந்திமதி வெளிய காருல அழுதுக்கிட்டு இருக்கா. "அப்பா, கேஸ் ஆச்சுன்னா இனிமே விசா கிடைக்காது, ஆபீசர் சொன்ன மாதிரி மன்னிப்பு கேட்டுட்டு வாங்க"ன்னா. விசா கிடைக்காட்டி என்ன, எம்மக என்னை அங்க வந்து பாத்துக்கிடுவா. டோரத்தியை யாரு வந்து பாப்பா?

சத்தம் கேக்கு, வாராரு. கப்பை வாங்கி வச்சிருங்க, நான் இப்போ குடிக்க மாட்டேன். குடிச்சா மனசு இளகிரும், அந்த வித்தை எனக்குத் தெரியும். நீங்க நான் சொல்லுததை அப்படியே சொல்லிருங்க, ஒண்ணும் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஏழும் முடியாதுன்னா பொம்மையை விட்டுருவோம், லெட்டரையும் விட்டுருவோம். பால் ஒண்ணை மட்டுமாவது எழுதச் சொல்லுங்கம்மா. அவரு உக்காரும் முன்னால சொல்லிருங்க. ஒரு வரி எழுதுங்கய்யான்னு சொல்லுங்க, ஒரு வரி. நாளைக்கு வியாழக்கிழமை.